வெண்கலம் சொன்ன ஆம்

அநியாயம் என்றால் இதுவல்லவா அநியாயம்! எதிர்க்கட்சிக்காரன் செய்த சதி என்றால் மேடை போட்டுத் திட்டலாம். அதிகாரி செய்த தப்பு என்றால் இடமாற்றம் போட்டுத் தீர்த்துக்கொள்ளலாம். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட மனிதர் யாரைப் போய்க் கேட்பார்? வெண்கலம் செய்த காரியத்தைக் கேட்டவர்கள் எல்லாரும் முதலில் ‘இருக்காது, இருக்கவே இருக்காது’ என்றுதான் சொன்னார்கள். அவரே அப்படித்தான் சொன்னார்.

வெண்கலம் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. அவர் பஸ் கண்டக்டராக இருந்த காலத்தில் டிரைவர் வைத்தது. பின்படியில் நின்று “போலாம் ரைட்!” என்று அவர் ஒரு குரல் கொடுத்தால் அவருடைய வண்டி மட்டும் கிளம்பாது, பக்கத்தில் நிற்கிற வண்டிக்காரரும் கியரைப் போட்டுவிடுவார். “தொண்டையில வெண்கலத்தையாடா காய்ச்சி ஊத்தியிருக்காங்க?” என்று டிரைவர் ஒருநாள் கேட்க, அது அப்படியே ஒட்டிக்கொண்டது. கழுத்தில் விசில் என்று ஒன்று தொங்கியதே ஒழிய அதை அவர் ஊதி யாரும் பார்த்ததில்லை.

அப்படிப்பட்ட தொண்டை ஒரே ஒரு பயணியிடம் மட்டும் அடங்கிப்போனது. ஊர் மருந்தகத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்த நர்ஸ் அவர். தினமும் காலை வண்டியில் ஏறுவார். எல்லாரிடமும் “டிக்கெட் டிக்கெட்” என்று கூரை அதிரக் கத்துகிறவர், அந்தப் பெண்ணிடம் வந்ததும் காற்றுப் போன டயர் மாதிரி ஏதோ முணுமுணுப்பார். டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரிப்பார். அந்த நர்ஸைத்தான் வெண்கலம் கட்டிக்கொண்டார்.

முதல் பிள்ளை உண்டானபோது ஊரில் இருந்தது காய்ச்சலுக்கு மாத்திரை கொடுக்கிற அந்த மருந்தகம் ஒன்றுதான். பிரசவம் என்றால் ரயில்பாதையைத் தாண்டி நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நர்ஸாக இருந்து என்ன, தனக்குத்தானே பிரசவம் பார்த்துக்கொள்ள முடியுமா? வலி நாளுக்கு முன்னாலேயே வந்துவிட்டது. டிரைவர் நிலையத்தில் நின்ற வண்டியிலிருந்து பயணிகளை இறக்கிவிட்டு, கடைசி நீள சீட்டில் அவரைப் படுக்க வைத்து, வேலை போனாலும் போகட்டும் என்று வண்டியை எடுத்தார். ரயில்வே கேட் மூடிக் கிடந்தது. சரக்கு ரயில் ஒன்று பாதையை மறித்துக்கொண்டு அசையாமல் நின்றது.

வெண்கலம் இறங்கி ஓடினார். “கேட்டைத் தொறய்யா! உள்ள ஒரு உசுரு துடிக்குது!” என்று அவர் போட்ட சத்தத்தில் வரிசையில் நின்ற வண்டிகளிலிருந்து எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். கேட்மேன் கையைப் பிசைந்தார். “தொறந்தா மட்டும் எங்கய்யா போவ? குறுக்க நிக்குதே!” என்றார். கத்திக் கத்தித் தொண்டை கிழிந்ததுதான் மிச்சம். பிள்ளை பஸ்ஸிலேயே பிறந்தது. அவ்வளவு பெரிய குரல்காரனுக்குப் பிறந்த பிள்ளை ஒரு சத்தம்கூடப் போடவில்லை. டிரைவர் ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு அழுதார்.

அதற்குப் பிறகு அந்தக் குரல் வேறு வேலைக்குக் கிளம்பியது. எங்கள் ஊருக்குப் பிரசவ வார்டு வேண்டும் என்று பஸ் நிலையத்தில் கத்தினார், சந்தையில் கத்தினார், மந்திரி கார் போகிற வழியில் நின்று கத்தினார். மைக் இல்லாமலே கடைசி வரிசை வரை கேட்கிற ஆளைக் கட்சிகள் சும்மா விடுமா? சீட் கொடுத்தார்கள். ஊர் அள்ளிக் கொடுத்தது. ஜெயித்து வந்த கையோடு, மந்திரி அறை வாசலில் பழியாய்க் கிடந்து வார்டை வாங்கினார். மருந்தகத்துக்குப் பின்னால் புதுக் கட்டடம், வரிசையாகக் கட்டில்கள், பச்சைக் கதவு, மின்சாரம் போனால் போட்டுக்கொள்ள ஜெனரேட்டர். மனைவி அந்த வார்டுக்கே தலைமை நர்ஸ் ஆனார். ஊருக்கு அவர் பெரிய சிஸ்டர். முதல் குழந்தை அங்கே வீறிட்டு அழுதபோது, எம்.எல்.ஏ. வராந்தாவில் தரையில் உட்கார்ந்து துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

அவர்களுக்கு அப்புறம் பிள்ளை வாய்க்கவில்லை. “அதான் உள்ள தெனமும் ஒண்ணு பொறக்குதே” என்று பெரிய சிஸ்டர் சொல்லிவிடுவார். வெண்கலம் அடுத்தடுத்துத் தேர்தலில் நின்றார். ஓட்டுக் கேட்கும்போது சாலை போட்டேன், பாலம் கட்டினேன் என்று நீட்டி முழக்க மாட்டார். பச்சைக் கதவைக் காட்டுவார், அவ்வளவுதான். ஊரும் ஒவ்வொரு தடவையும் அவரையே அனுப்பியது.

சட்டசபையில் மட்டும் அவர் கதை வேறாக இருந்தது. முதல் பேச்சுக்கு எழுந்தபோது மைக் கீச்சென்று கத்தியது, பக்கத்து இருக்கைக்காரர் காதைப் பொத்தினார். “உறுப்பினர் ஒலிபெருக்கியை அணைத்துவிட்டே பேசலாம்” என்றார் சபாநாயகர். சபையே சிரித்தது. அவமானம் தாங்காமல் உட்கார்ந்தவர், அப்புறம் பேசவே எழுந்திருக்கவில்லை. ஆனால் குரல் வாக்கெடுப்பு என்று ஒன்று இருக்கிறதே! மசோதாவின் தலைப்பைப் படித்துவிட்டு சபாநாயகர் “ஆம் என்போர்?” என்பார். ஆதரிக்கிறவர்கள் சேர்ந்து “ஆம்” என்று குரல் கொடுக்க வேண்டும். பிறகு “இல்லை என்போர்?” என்பார். எந்தப் பக்கம் சத்தம் அதிகமோ அந்தப் பக்கம் ஜெயித்தது. யார் சொன்னார், யார் சொல்லவில்லை என்ற கணக்கு எதுவும் கிடையாது. அங்கேதான் ஆளும்கட்சிக் கொறடா வெண்கலத்தைக் கண்டுபிடித்தார்.

கொறடா என்பவர் தன் கட்சி உறுப்பினர்களைக் கட்டி மேய்க்கிற ஆள். “அண்ணே, நீங்க பேசவே வேணாம். ஆம் மட்டும் சொல்லுங்க. தூங்கிட்டிருக்கவன்கூட எழுந்து ஆம்னுடுவான்” என்றார். வெண்கலத்துக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அன்றிலிருந்து அதுவே அவருக்கு உத்தியோகம். முன்வரிசை ஓரத்தில் கொறடா ஒரு விரலை உயர்த்துவார், வெண்கலம் ஆம் என்பார், மற்றவர்கள் பின்பாட்டுப் பாடுவார்கள். மசோதாக் காகிதங்களைக் கட்டுக்கட்டாகக் கொடுப்பார்கள். அவர் அதை முதுகுக்கு அண்டை கொடுத்துக்கொண்டு சௌகரியமாக உட்காருவார். இப்படியும் ஒரு மனிதரா என்று நீங்கள் தலையில் அடித்துக்கொள்ளலாம். அந்தச் சபையில் பாதிப் பேருக்கு அப்படித்தான் பிழைப்பு ஓடியது.

அங்கே இன்னொரு பழக்கமும் உண்டு. எந்த விதிப் புத்தகத்திலும் அது கிடையாது. ஒரு உறுப்பினரின் சொந்த ஊருக்கே கேடு செய்கிற மசோதா வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வாக்கெடுப்புக்குச் சற்று முன்னால் கொறடா வரிசைக்குப் பின்னால் நடந்து வந்து, அந்த உறுப்பினரின் தோளை லேசாகத் தட்டிவிட்டுப் போவார். தட்டு வாங்கியவர் எழுந்து கேண்டீனுக்குப் போய் டீ குடித்துவிட்டு வருவார். ஊருக்குப் போய் ‘நான் ஆதரிக்கவே இல்லை’ என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்லலாம். தட்டு வாங்கியவர்களை வெண்கலம் சும்மா விட மாட்டார். “டீ நல்லா இருந்துச்சாண்ணே?” என்று கேட்டுக் கேட்டு மானத்தை வாங்குவார். தன் தோளை இதுவரை யாரும் தட்டியதில்லை என்பதில் அவருக்கு அப்படி ஒரு கர்வம்.

அந்தக் கூட்டத்தொடர் தொடங்குவதற்கு முன்னால் ஒருநாள் சாப்பிடும்போது பெரிய சிஸ்டர் சொன்னார். “என்னங்க, சின்ன ஊரு ஆஸ்பத்திரியெல்லாம் சீரமைக்கப் போறாங்களாம். சீரமைப்புன்னா மூடறதுதானாம். எங்க டாக்டர் சொல்றாரு.”

“நான் உட்கார்ந்திருக்க எடத்துல என்னைத் தாண்டி எவன் கை வைப்பான்? நீ ஒண்ணு!”

“இல்லீங்க, ஒரு வார்த்தை பாத்துக்கோங்க.”

“பாத்துக்கறேன்மா. அதை விடு. இத்தனை வருஷத்துல நீ ஒருநாளாவது சபைக்கு வந்து என் குரலைக் கேட்டிருக்கியா? கடைசி நாளு வா. மேல பார்வையாளர் மாடத்துல சீட்டு வாங்கி வெக்கிறேன்.”

அவர் பார்க்கவில்லை. யாரிடமும் கேட்கவும் இல்லை. மாடத்துக்கு அனுமதிச் சீட்டு வாங்குவதில் மட்டும் மும்முரமாக இருந்தார்.

கடைசி நாள் மதியம். எதிர்க்கட்சி வேறு எதற்கோ கோபித்துக்கொண்டு வெளிநடப்பு செய்துவிட்டது. தேங்கிக் கிடந்த மசோதாக்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். மேலே பார்வையாளர் மாடத்தில், முதல் வரிசையில், சலவைப் புடவை கட்டிக்கொண்டு பெரிய சிஸ்டர் உட்கார்ந்திருந்தார். வெண்கலத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் பஸ்ஸில் இருந்த படபடப்பு திரும்ப வந்துவிட்டது போல அடிக்கடி மேலே பார்த்துக்கொண்டார். அப்போது பின்னாலிருந்து ஒரு கை அவர் தோளைத் தட்டியது.

திரும்பினால் கொறடா. வெண்கலத்துக்குத் தூக்கிவாரிப் போட்டிருக்க வேண்டும் அல்லவா? போடவில்லையே! பெண்டாட்டி வந்திருக்கிறாள், போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து பேசிவிட்டு வாருங்கள் என்று பெரிய மனசோடு சொல்கிறார் என்றல்லவா அந்த மனிதர் நினைத்தார்! ‘நீங்க போங்க, இங்க பாருங்க இப்ப’ என்கிற மாதிரி கண்ணடித்துச் சிரித்துவிட்டு, சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். கொறடா ஒரு கணம் அவரை உற்றுப் பார்த்துவிட்டு நகர்ந்தார்.

சபாநாயகர் தலைப்பைப் படித்தார். “பொது நலவாழ்வு நிலையங்கள் சீரமைப்பு, மூன்றாவது திருத்தச் சட்டமுன்வடிவு. ஆம் என்போர்?” கொறடாவின் விரல் உயர்ந்தது. வெண்கலம் மூச்சை இழுத்துப் பிடித்து, வாழ்நாளில் சொல்லாத ஓர் “ஆம்” சொன்னார். விளக்குச் சரங்கள் அதிர்ந்தன என்று பிறகு காவலர்கள் சொல்லிச் சிரித்தார்கள். “இல்லை என்போர்?” என்று கேட்டபோது ஒரு சத்தமும் இல்லை. “ஆம் என்போரே மிகுதி. சட்டமுன்வடிவு நிறைவேறியது.”

வெண்கலம் பெருமை பொங்க மேலே பார்த்தார். மனைவி எழுந்து நின்றிருந்தார். கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தை அவர் அதற்கு முன்னால் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருந்தார், பஸ்ஸின் கடைசி சீட்டில். காவலர் உட்காரச் சொல்லி சைகை காட்டினார். பெரிய சிஸ்டர் உட்காரவில்லை, திரும்பிப் படியிறங்கிப் போய்விட்டார்.

உடம்புக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து வெண்கலம் வெளியே ஓடினார். சபைக்கு வெளியே இருந்த நீளக் கூடத்தில் மனைவி சுவரில் சாய்ந்து நின்றிருந்தார்.

“என்னம்மா? தலை சுத்துதா? என் குரல் கேட்டுச்சா?”

“கேட்டுச்சுங்க.”

“அப்புறம் என்ன?”

“எதுக்கு ஆம்னு சொன்னீங்கன்னு தெரியுமா உங்களுக்கு?”

“ஏதோ நலவாழ்வு... சீரமைப்பு...” என்று இழுத்தார்.

அந்த நேரம் பார்த்துக் கொறடா வெளியே வந்தார். வந்தவர் கையெடுத்துக் கும்பிட்டார். “அண்ணே, என்ன நெஞ்சழுத்தம்ணே உங்களுக்கு! மூடப்போற அட்டவணையில உங்க ஊரு வார்டு முதல் பேரா இருக்கேன்னு நானே மனசு கேக்காம வந்து தட்டினேன். நீங்க கண்ணடிச்சுச் சிரிச்சுட்டு, எவனும் போடாத சத்தத்துல ஆம்னீங்களே! கட்சிக்கு உங்களை மாதிரி ஒரு ஆளு இனி பொறக்கணும்ணே!”

வெண்கலம் கொறடாவின் கையைப் பிடித்துக்கொண்டார். “என்னது? எங்க வார்டா? பிரசவ வார்டா?” என்று கேட்டார். கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டார். கொறடாவின் சிரிப்பு மெல்ல மறைந்தது. “ஐயையோ, உங்களுக்குத் தெரியாதா?” என்றார். தெரியாது என்று எந்த வாயால் சொல்வது? தலையணையாக முதுகுக்கு வைத்திருந்தாரே, அந்தக் காகிதக் கட்டுக்குள்ளேயே இருந்ததே!

பாய்ந்து உள்ளே ஓடினார். அந்த முதல் பேச்சுக்குப் பிறகு அன்றுதான் சபையில் எழுந்து நின்று பேசினார். “தலைவர் அவர்களே! இல்லை! நான் இல்லைன்னு சொல்றேன்! இல்லை!”

சபாநாயகர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “எதற்கு இல்லை என்கிறீர்கள்? இப்போது எடுத்துக்கொண்டிருப்பது மீன்வளம்.” சபை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. பக்கத்தில் இருந்தவர்கள் அவர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்கள். கொறடா குனிந்து காதில் சொன்னார். “பதறாதீங்கண்ணே. குரல் வாக்கெடுப்புதானே, உங்க பேரு எங்கயும் இருக்காது. ஊர்ல போய் நான் ஒருத்தன்தான் எதிர்த்தேன்னு சொல்லிடுங்க. நாங்களும் அப்படியே பேச விட்டுடறோம்.”

இரண்டு பேரும் காரில் ஊருக்குத் திரும்பினார்கள். நகரத்தைத் தாண்டியதும் ரயில்வே கேட் வந்தது. மூடியிருந்தது. வரிசையில் கார் நின்றது. வெண்கலம் ஜன்னல் பக்கம் திரும்பாமல் தன் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இனிமே எல்லாப் பொண்ணுங்களும் இங்கதான் நிக்கணும்” என்றார் பெரிய சிஸ்டர்.

“ஊர்ல நான் என்னம்மா சொல்றது?” என்று கேட்டார் வெண்கலம்.

“உங்களுக்கு வாயா இல்ல?” என்றார் அவர். கேட் திறந்தது.

மறுநாள் காலையில் வார்டு வாசலில் ஊரே திரண்டிருந்தது. வார்டை மூடப் போகிறார்கள் என்ற செய்தியும், நம்ம எம்.எல்.ஏ. மட்டும் தனியாளாக எதிர்த்து நின்றார் என்ற செய்தியும் சேர்ந்தே வந்திருந்தன. கொறடா சொன்னபடி செய்துவிட்டார், புண்ணியவான்! வெண்கலத்தைப் பார்த்ததும் கூட்டம் வாழ்க போட்டது. ஓய்வு பெற்றுவிட்ட பழைய டிரைவர் இடித்துப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்து அவரைக் கட்டிக்கொண்டார். தோளில் போட்ட கையை எடுக்கவே இல்லை. “எனக்குத் தெரியும் மாப்ள. எவன் விட்டாலும் நீ விட மாட்டேன்னு நேத்தே எல்லார்கிட்டயும் சொன்னேன்” என்றார்.

ஒரு வார்த்தை பேசாமல் கையைக் கூப்பியிருந்தால் போதும். அடுத்த தேர்தலும் ஜெயித்தாயிற்று. வெண்கலம் பச்சைக் கதவைப் பார்த்தார். கதவருகில் படியில் பெரிய சிஸ்டர் வெள்ளைச் சீருடையில் நின்றிருந்தார்.

“நான் எதிர்க்கல” என்றார் வெண்கலம். “ஆம்னு சொன்னேன். என்ன மசோதான்னு படிக்காம, நாந்தான் ஆம்னு சொன்னேன்.”

கூட்டம் ஒரு கணம் திகைத்தது. அப்புறம் யாரோ ஒருவர், “பாருய்யா பெரிய மனுசன! கட்சிப் பழியைத் தன் தலையில தூக்கிப் போட்டுக்கிறாரு!” என்று கத்தினார். கைதட்டல் கிளம்பியது. வெண்கலம் பதறிப்போனார். இருந்த குரலையெல்லாம் திரட்டி, “அய்யோ, நெசமாத்தான் சொல்றேன், நாந்தான் சொன்னேன்!” என்று கத்தினார். கைதட்டல் இன்னும் ஓங்கியதே தவிர அடங்கவில்லை. அந்தக் குரலைக் கேட்டால் கைதட்டித்தான் அவர்களுக்குப் பழக்கம்.

டிரைவர் சிரித்துக்கொண்டே படியைப் பார்த்தார். “நீங்க சொல்லுங்கம்மா. மேல உட்கார்ந்து கேட்டவங்க நீங்கதானே? இவன் சும்மாதானே சொல்றான்?”

பெரிய சிஸ்டர் கணவரைப் பார்த்தார். தான் சொன்னதை அவர் இல்லை என்று சொல்லிவிடுவாரோ என்று வெண்கலம் பயந்தார். ஆமாம் என்று சொல்லிவிடுவாரோ என்றும் பயந்தார்.

“ஆமாண்ணே, கேட்டேன்” என்றார் அவர். “இவருதான் சொன்னாரு. எல்லாரையும் விடச் சத்தமா சொன்னாரு.”

கைதட்டல் நின்றது. முன்வரிசையில் வயிற்றைத் தாங்கிக்கொண்டு நின்ற ஒரு பெண் வாயில் கை வைத்தார். டிரைவர் தோளில் இருந்த தன் கையை எடுத்தார். அந்தக் கையை என்ன செய்வது என்று தெரியாதவர் போல அதையே பார்த்தார்.

“கேட் முன்னாடி நின்னு கத்தினியே மாப்ள, அந்தக் குரலாடா?” என்று கேட்டார்.

“அதே குரல்தான்” என்றார் வெண்கலம். டிரைவரைத் தவிர வேறு யாருக்கும் அது கேட்கவில்லை.